குழாயில் நின்ற பீர்

அன்று போனில் முதலில் என்ன சொன்னேன் என்பது எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. "யாரும் அதைக் குடிக்காதீங்க" என்பதுதான் என் முதல் வார்த்தை என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது பழகிவிட்டது. ஆனால் தனியாக இருக்கும்போது என் குரலில் வேறொரு வாக்கியம் கேட்கிறது. அது ஒரு கேள்வி.

இரண்டுக்கும் நடுவில் மூன்று நிமிடம் இருக்கிறது. அந்த மூன்று நிமிடத்தில் என் சித்தப்பா ஒரு பாட்டிலை முழுதாகக் குடித்து முடித்தார்.

அன்பரசன் சித்தப்பா என் அப்பாவின் தம்பி. துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். பதினோரு வருடம் குடித்தவர். பதினேழு மாதமாகக் குடிக்காதவர். தினமும் காலை ஆறு மணிக்கு வியாசர்பாடி குடியிருப்பில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் வந்து நிற்பார். அம்மா மாத்திரை கொடுப்பாள். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவார். அம்மா பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் டீ.

அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது கொஞ்சம் மது உள்ளே போனாலும் முகம் சிவக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், வாந்தி வரும், ஆள் சுருண்டுவிடுவார். அந்தப் பயத்தைத்தான் அவர் தினமும் விழுங்கினார்.

மாயா சித்தி அவரை விட்டுவிட்டு எண்ணூரில் அண்ணன் திலீப் வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. புத்த பூர்ணிமா அன்று பகல் சாப்பாட்டுக்கு அண்ணனோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவருடைய நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஒரு சொட்டுக்கூடக் கூடாது. மனதுக்குச் சரியென்று பட்டால் அன்றே தங்கிவிடுவார்.

சித்தப்பா ஒரு வாரமாகச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

நானும் நைனாவும் திருவொற்றியூரில் ஒரே பீர் கம்பெனியில் வேலை செய்கிறோம். நைனா, அதாவது என் அப்பா அசோகன், பீரைப் பாட்டிலில் அடைக்கும் லைனில் முப்பத்தொரு வருடம். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. நான் லேபில் மூன்று வருடம். வெள்ளைக்காரன் காலத்துக் கம்பெனி. அதில்தான் இந்த வருடம் மது இல்லாத வெளிர்நிற பீர் ஒன்று போட்டார்கள். பார்லியை முளைகட்டுவது, காய்ச்சுவது, புளிக்க வைப்பது எல்லாம் பழைய முறைதான். கடைசியில் லேசான சூட்டில் மதுவை மட்டும் பிரித்து எடுத்துவிடுவார்கள். சிறிய பச்சை பாட்டில், பெட்டிக்கு இருபத்துநான்கு. எல்லோருக்கும் அது "ஜீரோ".

கலால் அதிகாரி உட்கார்ந்திருக்கும் கேட்டைத் தாண்டி நைனா இத்தனை வருடத்தில் ஒரு மூடியைக்கூட வெளியே கொண்டுவந்ததில்லை. ஜீரோவுக்கு அந்தச் சட்டம் இல்லை. முதல் நாள் ஓட்டத்தின் முதல் பெட்டியை, கேட் பாஸ் வாங்கி, தோளில் வைத்து, பகலிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நான் குடிக்கலாமா குயலி?" என்று சித்தப்பா கேட்டார். கார்குழலி என்ற பெயர் எங்கள் வீட்டில் குயலிதான்.

"தாராளமா. நாந்தான் டெஸ்ட் பண்ணி கையெயுத்து போட்டேன். பூஜ்யம்."

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

*

புத்த பூர்ணிமா அன்று எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மறுநாள் காலை ஜீரோவின் முதல் லோடு கல்மண்டபத்துக்குப் போகவேண்டும். அப்துல் வஹாப் பாய் ஒரு நிக்காஹ்வுக்கு இருபது பெட்டி சொல்லியிருந்தார். இரண்டு முறை போன் செய்து கேட்டார். "ஒரு சொட்டுகூட இல்லியே மா? வெவகாரமாயிடும்." இல்லை பாய் என்று இரண்டு முறையும் சொன்னேன்.

லேபில் நானும் குளிர்சாதனச் சத்தமும் மட்டும். வேலை இல்லாததால்தான் அந்த பாட்டில்களை எடுத்தேன் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆரம்பம், நடு, கடைசி என்று சில பாட்டில்களை எடுத்து வைப்போம். கையெழுத்துக்காக நாங்கள் சோதிப்பது எப்போதும் நாற்பதாவது பெட்டி. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் செய்தார், நானும் அப்படியே செய்தேன்.

மது அளக்கும் மீட்டரில் கடைசி பாட்டில், 0.0. நடு பாட்டில், 0.0.

ஆரம்ப பாட்டில், 2.6.

மீட்டரைக் கழுவினேன். இன்னொரு ஆரம்ப பாட்டிலைத் திறந்தேன். 2.4.

நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. லாரிகள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் இறங்கி டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எல்லா டயரையும் தட்டி முடிக்கும் வரை நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். லைனில் ஒரு பீரிலிருந்து இன்னொரு பீருக்கு மாறும்போது, தொட்டிக்கும் பாட்டிலுக்கும் நடுவில் இருக்கும் நீளமான குழாயில் பழைய பீர் நிற்கும். அதைத் தண்ணீர் விட்டுத் தள்ளிக் கீழே கொட்டவேண்டும். புத்தகத்தில் அப்படித்தான். ஆனால் எங்கள் லைன்காரர்கள் பீரைச் சாக்கடையில் விடமாட்டார்கள். குழாயில் நிற்பதும் நம் சரக்குதான் என்று புதுச் சரக்கோடு சேர்த்து முதல் பெட்டிகளில் இறக்கிவிடுவார்கள். அந்தப் பெட்டிகளுக்குத் தலைப்பெட்டி என்று பெயர். இரண்டுமே பீர்; குடிக்கிறவனுக்கு என்ன தெரியப்போகிறது? இத்தனை காலத்தில் யாரும் கேட்டதில்லை.

ஜீரோவுக்கு முன்னால் அதே குழாயில் ஓடியது ஸ்ட்ராங் பீர்.

நைனா தோளில் வைத்துக் கொண்டுவந்தது, தலைப்பெட்டிகளிலும் முதல் பெட்டி.

மணி பதினொன்று ஐம்பது. போனை எடுத்தேன்.

நான் கேட்ட கேள்வி இதுதான். "நைனா, லைன் மாத்துனப்போ குழாய்ல தண்ணி வுட்டு தள்ளுனியா?"

"இன்னாமா லீவு நாள்ல லைன் கத கேக்குற?" நைனா சிரித்தார். பின்னால் பாத்திரச் சத்தம், யாரோ பேசும் சத்தம். "இரு, வெளில வரேன். உள்ள ஒரே கூச்சலு."

"சொல்லு நைனா."

"தள்றதா? எதுக்கு? நோட்டீஸ் போர்டுல இங்கிலீசுல இன்னாமோ ஒட்டி வச்சிகிறானுங்க, மொத இருவது நிமிசம் கீய வுடுன்னு. அவுனுங்களுக்கு இன்னா தெரியும்? நான் சேந்தப்போ எங்க மேஸ்திரி இன்னா சொன்னாரு தெரியுமா? 'சோத்த கொட்டுறவனும் பீர கொட்டுறவனும் ஒன்னுடா அசோகா'ன்னாரு. நாலு மொடக்கு கலந்தா கெட்டா பூடும்? கொஞ்சம் ருசி தூக்கும், அவ்ளோதான்..."

நான் அவரை நிறுத்தவில்லை. அவர் மேஸ்திரியின் கதை முழுவதையும் சொன்னார். அவர் வாயாலேயே அதைக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு. வேறு யாரோ செய்தது என்று ஒரு வார்த்தை வந்துவிடாதா என்றும் இருந்தது.

பிறகுதான் சொன்னேன். "நைனா, அந்தப் பெட்டில சாராயம் கீது. யாரும் குடிக்காதீங்க. சித்தப்பா கைல குடுத்துடாத."

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"நைனா?"

"குடிச்சிட்டாம்மா" என்றார்.

*

வீட்டுக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. கெங்கம்மாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, எதையும் கூட்டிச் சொல்லும் வழக்கம் இல்லை. அவள் சொன்னபடி சொல்கிறேன்.

திலீப் மாமா வந்ததும் முதலில் பார்த்தது பக்கெட்டில் ஐஸுக்குள் நின்ற ஆறு பச்சை பாட்டில்களை. மேலே சுவரில் புத்தர் படம். அன்றைய பூமாலை இன்னும் வாடவில்லை.

"இன்னா அண்ணாத்த, புத்தர் காலாண்ட பீரு வச்சிகீற? காலைல குடிக்க மாட்டேன்னு பஞ்சசீலம், மத்தியானம் பாட்டிலா? சோக்கா கீதுபா உங்க வூடு."

"படிச்சி பாரு திலீப்பு. பூஜ்யம் போட்டுகீது. கொயந்தகூட குடிக்கலாம்" என்றார் நைனா. "எங்க குயலி கையெயுத்து போட்டது."

"கொயந்த குடிக்கட்டும். மாப்ள குடிப்பாரா?"

திலீப் மாமா ஒரு பாட்டிலை எடுத்துச் சித்தப்பா முன்னால் வைத்தார்.

"பூஜ்யம்னா இன்னாத்துக்கு பயம்? பயம் கீதுன்னா பூஜ்யம் இல்ல. ரெண்டுல ஒன்னு சொல்லுங்கோ. என் தங்கச்சிய நான் வுட்டுட்டு போவணும் இல்ல?"

சித்தப்பா மாயா சித்தியைப் பார்த்தார். சித்தி கதவோரம் உட்கார்ந்து, மடியில் வைத்த பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, குடி என்றும் சொல்லவில்லை.

"வாணாம் அன்பு. மோர் கீது" என்றாள் அம்மா.

"இருக்கட்டும் அண்ணி. நம்ம குயலி பூஜ்யம்னா பூஜ்யந்தான்."

அந்த நேரத்தில்தான் நைனாவின் போன் அடித்தது. சித்தப்பா பாட்டிலைத் திறந்தார். முதல் வாய்க்குப் பிறகு கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அம்மா சொன்னாள். அப்புறம் நிறுத்தாமல் குடித்தார். காலி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொன்னு எடுக்கட்டா அண்ணி?" என்றார்.

அம்மா சோற்றைப் போட்டாள். "மொதல்ல துன்னு."

நைனா உள்ளே வந்தார். "ஏந்திரு அன்பு. ஆஸ்பத்திரிக்கு கெளம்பு" என்றார். ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. செருப்பைத் தேடினார். கிடைக்கவில்லை. வெறுங்காலோடு தம்பியின் கையைப் பிடித்து இழுத்தார்.

இரண்டாவது மாடிப் படியில் சித்தப்பாவின் கழுத்து சிவக்க ஆரம்பித்தது. கீழே வருவதற்குள் முகம் முழுவதும் மிளகாய் அரைத்துப் பூசினது மாதிரி ஆகிவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

பின்னால் வந்த திலீப் மாமா அதைப் பார்த்துவிட்டு நின்றார். அந்த மாத்திரையைப் பற்றி அவருக்குத் தெரியும். தங்கை திரும்பி வருவதற்கு முன் எல்லாவற்றையும் விசாரித்திருந்தார்.

"பூஜ்யம் குடிச்சா இப்டி ஆவாதே" என்றார் மெதுவாக. "அப்போ காலைலியே எங்கியோ ஊத்திகினு வந்துதான் எதிர்ல உக்காந்துகீறான். கேட்டுகினியா மாயா?"

*

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு போனது எனக்கு நினைவே இல்லை. தண்டையார்பேட்டையில் ஒரு கன்டெய்னர் லாரி பக்கத்தில் உரசியபோது டிரைவர் திட்டியது மட்டும் நினைவிருக்கிறது. என் பையில் மீட்டர் அச்சடித்துத் தந்த இரண்டு துண்டுச் சீட்டு இருந்தது. பதிவேட்டில் நான் இன்னும் எதுவும் எழுதவில்லை. அவற்றைக் கிழித்துப் போட்டால் ஆரம்ப பாட்டில்களை யாரும் சோதித்ததே இல்லை என்றாகிவிடும். நாற்பதாவது பெட்டியில் என் கையெழுத்து சரியாகவே இருந்தது.

ஸ்டான்லி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அம்மா என்னைத் தூண் மறைவுக்கு இழுத்துப் போனாள். ஆட்டோவில் வரும்போதே நைனா அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்.

"உயிருக்கு ஒன்னும் இல்லியாம். க்ளுகோஸ் ஏறுது. நாட்டுல இருக்கிற கேள்வியெல்லாம் கேக்குறான் டாக்டரு. மாத்திர ஒத்துக்கலன்னு சொல்லிட்டேன். குடிச்சிகிறாரு, வாசன வருதுங்கிறான்."

"அம்மா, அது..."

"தெரியும். நீ வாய தொறக்காத." என் மணிக்கட்டை இறுக்கினாள். "எட்டு மாசம் கீது. மாலையோட அந்த கேட்ட வுட்டு வெளில வரணும் அவுரு. முப்பத்தியொரு வருசம். ஒருநாள் லேட்டா போனது இல்ல. திருடன் மாரி அனுப்புவானுங்க."

"சித்தப்பா?"

"அவன் பொயச்சிட்டான் இல்ல?"

"சித்தி போயிடுவாங்கம்மா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பிள்ளைகளில் யாருக்குச் சோறு என்று கேட்டால் ஒருத்தி எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

நைனா ஜன்னலோரம் நின்றிருந்தார். காலில் இன்னும் செருப்பு இல்லை. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். 'சொல்லாதே' என்று கேட்டால் மறுக்கலாம். 'சொல்லிடு' என்றால் சொல்லிவிடலாம். அவர் எதையும் கேட்கவில்லை. வெளியே ஒரு ஆம்புலன்ஸ் பின்பக்கமாக வந்து நின்றது. ஒருவரை இறக்கினார்கள். அது போய்விட்டது. இன்னொன்று வந்தது. நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம். அப்பாவும் பெண்ணும் ஒரே ஷிப்டில் எத்தனையோ முறை இப்படிப் பேசாமல் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறோம். அதெல்லாம் எவ்வளவு லேசான மௌனம் என்று அப்போதுதான் தெரிந்தது.

உள்ளே சித்தப்பா கண்ணைத் திறந்திருந்தார். கட்டிலின் ஒரு பக்கம் திலீப் மாமா. கால்மாட்டில் மாயா சித்தி, நின்றபடி. என்னைப் பார்த்ததும் சித்தப்பா தலையைத் தூக்கப் பார்த்தார்.

"குயலி... நான் குடிச்சிட்டனா?"

எனக்குப் புரியவில்லை.

"காலைல யார்டுல டீ குடிச்சேன். கூட லாரி ஓட்டுற மோகன் வாங்கி குடுத்தான். அதுல எவனாவது கலந்துகிறானா? இல்ல... எனக்கே தெரியாம..." அவருக்கு மூச்சு வாங்கியது. "பளைய ஆளு நானு. ராத்திரி தூக்கத்துல எழுந்து போயி குடிச்சிட்டு வந்து படுத்தவன். காலைல நெனப்பு இருக்காது. அப்பிடி எதுனா பண்ணிட்டனா? நீ படிச்ச பொண்ணு, சொல்லு. மறந்துகூட குடிக்க முடியுமா?"

"நடிக்கிறான் பாரு" என்றார் திலீப் மாமா.

சித்தப்பா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். பதினேழு மாதம் நாக்கைத் தூக்கிக் காட்டிய மனிதர் தன் நாக்கையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நாள் அப்படி விட்டால் அவர் அதை நம்பிவிடுவார். நம்பிவிட்டால் பிறகு குடிக்காமல் இருப்பதற்கு அவருக்குக் காரணமே இருக்காது.

சீட்டுகளை எடுத்து அவர் மார்பின் மேல் வைத்தேன்.

"நீ குடிக்கல சித்தப்பா. நான் குடுத்தேன். நைனா கொண்டாந்த பெட்டில சாராயம் கீது. ரெண்டு புள்ளி ஆறு. காலைல டெஸ்ட் பண்ணேன்."

"அப்போ பூஜ்யம்னு ஒட்டி வச்சிகிறது?" என்றார் திலீப் மாமா.

"மத்த பெட்டிக்கெல்லாம் அது நெசம். மொதல்ல எறங்குன பெட்டிங்களுக்கு பொய். குழாய்ல நின்ன ஸ்ட்ராங் பீரு அதுல எறங்கிடுச்சி. கீய கொட்டியிருக்கணும். கொட்டல."

"யாரு கொட்டாதது?"

மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. நைனா எப்போது உள்ளே வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. கதவருகில் நின்றிருந்தார். அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அம்மாவும் அவரைத்தான் பார்த்தாள். அவர் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். 

"நைனாதான்" என்றேன்.

அம்மா வெளியே போய்விட்டாள்.

திலீப் மாமா சீட்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு எண்ணையும் வாய்க்குள் படித்தார். பிறகு சித்தப்பாவின் கைப்பக்கம் அதை வைத்தார். "பேஜாரு" என்றார். அவ்வளவுதான். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து, அதைச் சித்திக்காக இழுத்துப் போட்டார்.

நைனாவுக்குக் கடைசியில் குரல் வந்தது. என்னிடம்தான் பேசினார்.

"மிச்ச பொட்டிய நிறுத்திட்டியா?"

"இல்ல நைனா."

"போன் போடு. குடோன்ல நசீரு ட்யூட்டில கீறான். தலப்பொட்டி இருவத்திரெண்டும் கெயக்கு செவுத்தாண்ட தனியா அடுக்கிகீது. லோடுல ஏத்திட போறான்." கொஞ்சம் நிறுத்தினார். "யாரு சொன்னதுன்னு கேட்டா என் பேர சொல்லு."

நான் தாழ்வாரத்துக்கு வந்து போன் செய்தேன். நசீர் கேட்டார். நான் நைனாவின் பெயரைச் சொன்னேன். திரும்பி வந்தபோது மாயா சித்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 

"எல்லாரும் பேசிட்டீங்களா?" என்றார்.



சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "எப்டி இருந்திச்சி?"

"இன்னா கேள்வி மா இது?" என்றார் திலீப் மாமா.

"நீ சும்மா இருண்ணா. சொல்லு. அத குடிச்சப்போ எப்டி இருந்திச்சி?"

சித்தப்பா கூரையைப் பார்த்தார். க்ளுகோஸ் சொட்டுவதைப் பார்த்தார். பொய் சொல்ல அவருக்கு நிறைய நேரம் இருந்தது. கசப்பாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். உனக்காகத்தான் குடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பாதி உண்மைதான். பக்கத்துக் கட்டில் கிழவரின் இருமல் நின்று, திரும்பத் தொடங்கி, திரும்ப நின்றது.

"நல்லா இருந்திச்சி மாயா" என்றார்.

"இன்னொன்னு கேட்டியா?"

"கேட்டேன்."

சித்தி தலையாட்டினார். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றை இன்னொருவர் வாயால் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன் மேல கோவம் இல்ல குயலி. ஆனா ஒன்னு கேக்குறேன். அதுல நெசமாவே பூஜ்யம் இருந்திருந்தாலும் இவுரு இன்னொன்னு கேட்டிருப்பாரு. அந்த ருசிய எதுக்கு திரும்ப நாக்குல வச்சீங்கோ?"

 

சித்தி எழுந்து, கலைந்திருந்த போர்வையைச் சித்தப்பாவின் முழங்கால் வரை இழுத்துவிட்டார். "பொய் சொல்லல. அது வரிக்கும் சரி" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு அண்ணனுக்கு முன்னால் நடந்து வெளியே போனார்.

*

மறுநாளிலிருந்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பாவை மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொன்னார் டாக்டர். காலை ஆறு மணிக்கு அவர் வழக்கம்போலச் சமையலறை வாசலில் வந்து நிற்கிறார். கொடுக்க அம்மாவிடம் ஒன்றும் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு டீ குடிக்கிறார்கள்.

இருபத்திரண்டு தலைப்பெட்டிகளுக்கும் சீல் வைத்துவிட்டார்கள். அப்துல் வஹாப் பாயின் நிக்காஹ்வுக்குப் போன இருபது பெட்டியையும் ஒவ்வொன்றாக நானே சோதித்து அனுப்பினேன். எல்லாம் பூஜ்யம். பாய் நன்றி சொன்னார். நான் ஏன் அழுகிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

நைனாவை லைனிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை அடுத்த வாரம். நாற்பதாவது பெட்டியை மட்டும் சோதித்ததற்கு நானும் எழுதிக் கொடுக்க வேண்டும். இருவரையும் ஒரே நாளில், ஒரே அறையில் விசாரிக்கிறார்கள். அவர் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் பேசுகிறார். அம்மாதான் என்னோடு பேசுவதில்லை.

மாயா சித்தி எண்ணூரில்தான் இருக்கிறார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அந்தப் பெட்டியில் மிச்சம் இருந்ததை அன்றிரவே அம்மா குளியலறைச் சாக்கடையில் கொட்டிவிட்டாள். இருபத்துநான்கில் ஒன்றைச் சித்தப்பா குடித்தார். மீதி இருபத்துமூன்று இருக்கவேண்டும். காலி பாட்டில்களைப் பெட்டியில் திரும்ப அடுக்கும்போது நான் எண்ணிப் பார்த்தேன். அம்மா கொட்டியது இருபத்திரண்டுதான். ஒன்றை யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள்.